செவ்வாய்ப்பேட்டைத் தெருக்களும் சேலம் விஜயராகவாச்சாரியாரும்

சேலம் மாநகரை மலைகள் நாற்புறமும் அரண் போலச் சூழ்ந்துள்ளன. வடக்கே சேர்வராயன் மலையும் நகரமலையும், தெற்கே சருகுமலையும், மேற்கே கஞ்சமலையும், கிழக்கே கோதுமலையும் நிற்க, இடையில் அமைந்த பள்ளத்தாக்கில் ஊர் விரிந்து கிடக்கிறது. சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு ஊரின் நடுவே ஓடி, நாமக்கல் சமவெளியை நனைத்துக் காவிரியில் கலக்கிறது. இன்று அதனை ஆறு என்று சொல்லத் தயங்குவோர் இருக்கலாம். ஆயினும் சேலத்தின் குடியிருப்புகள் எவ்வாறு பகுக்கப்பட்டன என்பதை அறிய விரும்புவோர் இந்த ஆற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆற்றங்கரையில் கோட்டைப் பகுதி. அழகிரிநாதர் கோயிலும் கோட்டை மாரியம்மன் கோயிலும் அங்கே உள்ளன. அரசு அலுவலர்களும் கல்வி கற்றோரும் அப்பகுதியை நாடினர். குகை எனப்படும் பகுதி நெசவாளர்களுக்கு உரியது. அங்கிருந்த ஒரு குகையே ஊர்ப்பெயர் ஆயிற்று என்பர். செவ்வாய்க்கிழமைதோறும் சந்தை கூடிய இடம் செவ்வாய்ப்பேட்டை ஆயிற்று. கிழமையால் பெயர் பெற்ற ஊர்கள் தமிழகத்தில் பல உண்டு. எனினும் ஒரு நாட்சந்தை நிலைத்த பேட்டையாகி, பேட்டை ஒரு நகரின் வணிக நெஞ்சமாக வளர்ந்த கதைக்குச் செவ்வாய்ப்பேட்டை நல்ல சான்றாகும்.

1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டின உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானின் ஆட்சியிலிருந்த சேலம், பாராமகால் பகுதிகள் கிழக்கிந்தியக் கும்பினியாரின் கைக்கு மாறின. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாக வந்த தாமஸ் மன்றோவும் நிலங்களை அளந்து வரி விதித்தது இங்குதான். ஆட்சி மாறிற்று, சந்தை மாறவில்லை. ஆந்திரத்திலிருந்து வந்த கோமுட்டிச் செட்டியார்கள் தானிய வணிகத்தையும் வட்டித் தொழிலையும் நடத்தினர். கன்னடம் பேசும் தேவாங்கர்களும், சௌராட்டிர மொழி பேசும் நெசவாளர்களும், தமிழ்க் குடிகளும், தக்கணி உருது பேசும் முஸ்லிம்களும், தமிழ் பேசும் இராவுத்தர்களும் இவ்வூரின் தெருக்களைப் பகிர்ந்துகொண்டனர். வீட்டிற்குள் ஐந்து மொழிகள். கடைத்தெருவில் ஒரே தமிழ்.

பழைய வணிகர் வீடுகளின் அமைப்பைச் சற்று விரிவாகவே நோக்கலாம். தெருவை ஒட்டி முன்புறம் கடை. கதவிற்குப் பதிலாக வரிசையெண் இட்ட பலகைகளைக் காலையில் ஒவ்வொன்றாகக் கழற்றி அடுக்குவர். மாலையில் அதே வரிசையில் பள்ளத்தில் செருகுவர். கடையை ஒட்டித் திண்ணை. அதைக் கடந்தால் ஒருவர் மட்டுமே நடக்கத்தக்க இடைகழி. பின் வானம் தெரியும் முற்றம். முற்றத்தைச் சுற்றி மரத்தூண்கள் தாங்கிய தாழ்வாரம். மூட்டைகள் அடுக்க ஒரு கிடங்கு, தவசம் சேர்க்க ஒரு குதிர், அதன்மேல் பரண். கடைசியில் அடுக்களையும் கிணறும் கொல்லையும். வசதியுள்ளோர் தேக்குச் சட்டங்களின்மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை இட்டு மாடி கட்டினர்; ஏனையோர் நாட்டு ஓட்டோடு நின்றனர். அகலம் குறைந்து நீளம் மிகுந்த மனைகள் இவை. பக்கச் சுவர்கள் இரு வீட்டாருக்கும் பொது. ஒரு வீட்டில் உரல் இடித்தால் அடுத்த வீட்டுச் சுவர் அதிரும்.

முஸ்லிம்களின் வீடுகளும் இதே கொத்தர்களாலும் தச்சர்களாலும் எழுப்பப்பட்டவைதாம். திண்ணையும் முற்றமும் பரணும் அங்கும் உண்டு. வாயிலுக்கு நேரே உள்வீடு தெரியாதவாறு ஒரு மறைசுவர் இருக்கும். அல்லது ஒரு திரை தொங்கும். மற்ற வீடுகளில் விளக்கு வைக்கும் மாடப்பிறையில் இங்கே கிதாபுகள் இருக்கும். வேறுபாடு அவ்வளவே. இக்கட்டுரையாளர் பிறந்து வளர்ந்த இராசிபுரத்து வீடும் இத்தகையதே. அதன் திண்ணையில் மாலை வேளைகளில் அமர்ந்தோரில் எத்தனை பேர் தொழுகைக்குச் செல்வோர், எத்தனை பேர் கோயிலுக்குச் செல்வோர் என்று எவரும் எண்ணியதில்லை.

திண்ணை வீட்டிற்கு உரியதா, தெருவிற்கு உரியதா? இவ்வினாவிற்கு எளிதில் விடை கூற இயலாது. வீட்டின் வாழ்வு திண்ணை வழியே தெருவிற்கு வழிகிறது. தெருவின் ஒலி திண்ணை வழியே வீட்டிற்குள் நுழைகிறது. திருமண ஊர்வலம், சாமி புறப்பாடு, சந்தனக்கூடு, இறுதிப் பயணம் யாவும் இத்திண்ணைகளுக்கு முன்னே, பத்தடி இருபதடி அகலத்தில்தான் நடந்தாக வேண்டும். ஆங்கில அதிகாரிகளோ ஊருக்கு வடக்கே அஸ்தம்பட்டியில் அகன்ற தோட்டங்களின் நடுவே தாழ்வாரம் சூழ்ந்த பங்களாக்களில் வாழ்ந்தனர். ஊர்வலமே நுழையாத பகுதியில் குடியிருந்தோர், ஊர்வலத்தோடு ஊர்வலமாக வாழ்ந்த மக்களின் வழக்கிற்குத் தீர்வு சொல்ல நேர்ந்தது. 1882ஆம் ஆண்டுத் துயரத்தின் ஒரு வேர் இங்கே உள்ளது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

அத்துயரத்தோடு பிரிக்க முடியாதவாறு பெயர் பிணைந்துவிட்ட ஒருவரின் வாழ்வை இனிக் காண்போம்.

சக்கரவர்த்தி விஜயராகவாச்சாரியார் சேலத்தில் பிறந்தவர் அல்லர். செங்கற்பட்டை அடுத்த பொன்விளைந்த களத்தூரில் 1852ஆம் ஆண்டு சூன் 18ஆம் நாள் பிறந்தார். நளவெண்பா பாடிய புகழேந்தியாரோடு இணைத்துப் பேசப்படும் ஊர் அது என்பதைத் தமிழ் மாணவர்கள் அறிவர். வைணவக் குடும்பம், தந்தையார் சடகோபாச்சாரியார் சமயப் பணி புரிந்தவர். இளமையில் வேதம் ஓதிய சிறுவன் பன்னிரண்டு வயதளவில்தான் ஆங்கிலக் கல்விக்கு வந்தான். 1870இல் பள்ளித் தேர்வில் சென்னை மாகாணத்திலேயே இரண்டாமிடம். மாநிலக் கல்லூரியில் பயின்று 1875இல் பட்டம் பெற்று, அக்கல்லூரியிலேயே ஆசிரியரும் ஆனார். பின்னர் மங்களூர் அரசுக் கல்லூரிக்கு மாற்றப்பட்டார். சில ஆண்டுகளில் அப்பணியைத் துறந்தார். அடுத்து அவர் வந்து சேர்ந்த இடம் சேலம் நகராட்சிக் கல்லூரி. ஆங்கிலமும் கணிதமும் கற்பித்தார். கற்பித்துக்கொண்டே, வகுப்பிற்குச் செல்லாமல் தாமே சட்டநூல்களைப் பயின்று தேர்ச்சி பெற்றார். ஆசிரியப் பணியில் இருப்போருக்கு இச்செய்தி சற்றுப் பெருமையும் சற்று வெட்கமும் தரக்கூடியது.

அவர் சேலத்திற்கு வந்த காலம் நல்ல காலம் அன்று. 1876 முதல் 1878 வரை நிலவிய கொடும் பஞ்சம் இம்மாவட்டத்தைச் சூறையாடியது. 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 19 இலட்சத்து 67 ஆயிரமாக இருந்த மாவட்ட மக்கள்தொகை, 1881இல் 16 இலட்சத்திற்கும் கீழே இறங்கிற்று. மகப்பேறும் பெருக்கமும் இருந்திருக்க வேண்டிய பத்தாண்டில் மூன்றரை இலட்சத்திற்கு மேற்பட்டோர் குறைந்துபோயினர். சேலம் நகரம் மட்டும் ஐம்பதாயிரம் என்ற அளவிலேயே நின்றது. 1881இல் அவர் வழக்குரைஞரானார். 1882இல் நகர்மன்ற உறுப்பினரானார். வயது முப்பது.

செவ்வாய்ப்பேட்டையின் ஊர்வலப் பாதையை ஒட்டி முஸ்லிம்கள் ஒரு பள்ளிவாசலை எழுப்பியிருந்தனர். அவ்வழியே மேளதாளத்தோடு செல்லும் ஊர்வலம் தொழுகைக்கு இடையூறு என்றனர் அவர்கள். தொன்றுதொட்டு வந்த பாதையை விட்டுத்தர இயலாது என்றனர் இந்துக்கள். இரு சாராரின் கூற்றிலும் நியாயம் இருந்தது என்பதே இச்சிக்கலின் கொடுமை. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. பொதுத்தெருவில் ஊர்வலம் செல்லும் உரிமை எல்லார்க்கும் உண்டு. அதே வேளையில் கூடித் தொழுவோரின் அமைதியைக் கெடுத்தல் ஆகாது. கலகம் மூளும் என அஞ்சினால் ஊர்வலத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் நீதிபரிபாலகர்களுக்கு உண்டு என்னும் கோட்பாடுகள் 1880, 1883 ஆகிய ஆண்டுகளில் வந்த தீர்ப்புகளால் உருப்பெற்றன. சேலத்தின் ஒரு தெருவைப் பற்றிய வழக்குகள் பின்னர் நாடெங்கும் சட்டநூல்களில் எடுத்தாளப்பட்டன.

சட்டம் தெளிந்துவரும் வரை தெரு காத்திருக்கவில்லை. 1882ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் கலகம் மூண்டது. பள்ளிவாசல் தகர்க்கப்பட்டது. உயிர்கள் மாய்ந்தன, வீடுகள் சூறையாடப்பட்டன. ஒரே சுவரைப் பொதுவில் வைத்து வாழ்ந்தவர்கள் அச்சுவருக்கு அப்பால் இருப்போரைக் கண்டு அஞ்சிய நாட்கள் அவை. கவர்னர் கிராண்ட் டப்பின் அரசு கடுமையாக நடந்துகொண்டது. பலர் கைது செய்யப்பட்டு நீண்ட தண்டனை பெற்றனர்; அந்தமானுக்கு அனுப்பப்பட்டோரும் உண்டு. கலகத்தைத் தூண்டியவர் என்று குற்றம் சாட்டப்பட்ட விஜயராகவாச்சாரியாருக்குப் பத்தாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது.

இவ்விடத்தில் ஒன்றை மறைக்காமல் கூற வேண்டும். சிறுவயதில் இக்கட்டுரையாளரின் பாட்டனார் சேலத்துக் கலகத்தைப் பற்றித் தம் தந்தையார் சொன்னதாகச் சிலவற்றைச் சொல்வதுண்டு. அவற்றுள் ஆச்சாரியார் ஒருவர் வருவார். பள்ளிவாசலை இடிக்கச் செய்தவர் அவரே என்று கதை முடியும். அதற்கு மேல் வினா இல்லை. ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்காகச் சேலம் பகுதி ஊர்ப்பெயர்களைத் தொகுத்த காலத்தில்தான், அக்கதைக்குப் பின்னரும் ஒரு கதை உண்டு என்பது தெரியவந்தது. இத்தனை காலம் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு ஒருவரைக் குற்றவாளியாக நெஞ்சில் வைத்திருந்தோமே என்ற கூச்சம் அன்று ஏற்பட்டது. பள்ளிவாசல் தகர்ந்தது உண்மை. மாண்டவர்கள் மாண்டது உண்மை. அவ்விழப்பைச் சிறிதும் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் அதனை அவர் தூண்டினார் என்னும் குற்றச்சாட்டு மேல்முறையீட்டில் நிற்கவில்லை. சென்னை உயர்நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது.

விடுதலை பெற்றவர் வீட்டில் அமைதியாக இருந்திருக்கலாம். அவர் அவ்வாறு இருக்கவில்லை. அந்தமானில் வாடிய ஏனையோரின் விடுதலைக்காக வைசிராய் ரிப்பன் பிரபுவிடம் முறையிட்டார். அடுத்து, தம்மை நகர்மன்றப் பதவியிலிருந்து நீக்கிய அரசின் மீதே வழக்குத் தொடுத்தார். எதிர்வழக்காடியவர் இந்தியாவிற்கான அரசுச் செயலர். அதாவது இலண்டனில் அமர்ந்து இந்நாட்டை ஆண்டவர். 1884இல் உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் சாரம் யாதெனின், ஒருவரைத் தவறிழைத்தவர் என்று கூறிப் பதவி நீக்கம் செய்யுமுன் அவர் தம் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும்; சட்டத்தில் அவ்வாறு வெளிப்படையாக எழுதப்படாவிடினும் அது நீதியின் இயல்பு என்பதாம். இழப்பீடாக அவருக்குக் கிடைத்தது 100 ரூபாய். தொகை சிறிது. அத்தீர்ப்போ இயற்கை நீதி பற்றிய தொடக்கக்கால இந்தியத் தீர்ப்புகளுள் ஒன்றாக இன்றும் சட்ட மாணவர்களால் பயிலப்படுகிறது. பதவியிலிருந்து விசாரணையின்றி நீக்கப்படும் கடைநிலை ஊழியர் ஒருவர், அவர் எச்சமயத்தவராயினும், நீதிமன்றத்தில் எடுத்துவைக்கும் வாதத்திற்குள் சேலத்து நகர்மன்ற உறுப்பினர் ஒருவரின் பிடிவாதமும் அடங்கியிருக்கிறது.

இவ்வழக்குகள் அவருக்குச் சேலத்து வீரர் என்ற பெயரைத் தேடித்தந்தன. பின்னாளில் தென்னாட்டுச் சிங்கம் என்றும் போற்றினர். சேலத்து நிகழ்ச்சிகளில் அரசு நடந்துகொண்ட முறையை 1878இல் தொடங்கிய இந்து இதழ் கடுமையாகக் கண்டித்தது. 1884இல் சென்னை மகாசன சபை தோன்றுவதற்கு உரிய சூழலை உருவாக்கியவற்றுள் இதுவும் ஒன்று என்பது வரலாற்று ஆசிரியர்களின் முடிபு. அடுத்த ஆண்டு பம்பாயில் கூடிய முதல் காங்கிரசுக்கு விஜயராகவாச்சாரியார் சென்றார். 1887இல் சென்னைக் காங்கிரசில் அமைப்பு விதிகளை வகுக்கும் குழுவில் இடம் பெற்றார். 1895 முதல் 1901 வரை சென்னைச் சட்டமன்றத்திலும், 1913 முதல் 1916 வரை தில்லியின் மத்தியச் சட்டமன்றத்திலும் பணியாற்றினார். பெண்களுக்குப் பருவமடைந்த பின்னரே மணம் செய்ய வேண்டும் என்றும், தந்தையின் சொத்தில் மகளுக்கும் பங்கு வேண்டும் என்றும் வாதாடினார். மகளுக்குப் பங்கு என்பது இசுலாமியச் சட்டத்தில் முன்னரே உள்ளதாயினும், ஆச்சாரியார் பிறந்த குலத்தில் அதை அக்காலத்தில் சொல்லத் துணிவு வேண்டும்.

1900ஆம் ஆண்டளவில் சேலத்தில் வழக்குரைஞர் தொழிலைத் தொடங்கிய இராசகோபாலாச்சாரியார், 1917 முதல் 1919 வரை அந்நகராட்சியின் தலைவராக விளங்கினார். அரசியலில் இருவரும் எப்போதும் ஒரே கருத்தினர் அல்லர். ஆயினும் அகில இந்தியக் காங்கிரசுக்கு ஒரு தலைவரையும் இந்தியாவிற்கு ஒரு கவர்னர் ஜெனரலையும் ஒரே ஊரின் வழக்குரைஞர் கூடம் தந்தது என்பது சேலத்தார் நினைத்துப் பார்க்கும் செய்தி.

1920 டிசம்பரில் நாகபுரியில் கூடிய காங்கிரசு மாநாட்டிற்கு விஜயராகவாச்சாரியார் தலைமை தாங்கினார். காந்தியடிகளின் ஒத்துழையாமைத் திட்டம் அங்கேதான் உறுதிபெற்றது. அத்திட்டத்தைத் தலைவர் முழுமையாக ஏற்றவர் அல்லர். தம் ஐயங்களை மறைத்தவரும் அல்லர். முகம்மது அலி ஜின்னா எதிர்ப்புத் தெரிவித்துக் காங்கிரசிலிருந்து விலகிச் சென்றதும் அம்மாநாட்டை ஒட்டியே. கிலாபத் இயக்கத்தின் தலைவர்களும் காந்தியடிகளும் தோளோடு தோள் நின்ற காலம் அது. முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் பள்ளிவாசலை இடிக்கத் தூண்டியவர் என்று தண்டிக்கப்பட்ட ஒருவர், கிலாபத்திற்கு நீதி கேட்டு ஆயிரக்கணக்கான முஸ்லிம்கள் திரண்ட அவைக்குத் தலைவராக அமர்ந்திருந்தார். அவ்வவையில் எவரேனும் சேலத்தை நினைத்தனரா என்று எண்ணத் தோன்றுகிறது.

அவருடைய வாழ்வை நமக்கு இசைவான பக்கங்களை மட்டும் புரட்டிச் சொல்வது முறையன்று. 1931இல் அகோலாவில் நடந்த இந்து மகாசபையின் சிறப்பு மாநாட்டிற்கும் அவர் தலைமை ஏற்றார். நாகபுரியில் அமர்ந்தவரும் அகோலாவில் அமர்ந்தவரும் ஒருவரே. வகுப்புவாரி உடன்பாடுகள் ஒவ்வொன்றாக முறிந்துகொண்டிருந்த ஆண்டுகளில் பல தலைவர்கள் தத்தம் சமயத்தாரின் பக்கம் ஒதுங்கினர். அவரும் அதற்கு விலக்கல்லர். இம்மாற்றம் இக்கட்டுரையாளருக்கு உவப்பானது அன்று. ஆனால் 1931ஐக் கொண்டு 1882ஐத் தீர்ப்பிடுதல் தவறு. அகோலாவிற்குச் சென்றார், ஆகவே அன்று செவ்வாய்ப்பேட்டையிலும் தூண்டியிருப்பார் என்னும் வாதம் சிலரிடம் உண்டு. எந்த நெறிக்காக அவர் அரசோடு வழக்காடினாரோ, அந்நெறி இவ்வாதத்தை ஏற்காது.

சேலத்தில் அவர் வாழ்ந்த இல்லத்தின் பெயர் ஆராமா. ஆராமம் என்னும் வடசொல்லுக்குச் சோலை என்பது பொருள். நாட்டின் பெருந்தலைவர்கள் பலருடைய மடல்கள் அம்முகவரிக்கு வந்தன. பேட்டைத் தெருக்களின் நெருக்கத்தில் தொடங்கிய பொதுவாழ்வு, சோலை என்று பெயரிட்ட மனையில் முதுமை கண்டது. 1944ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள், தொண்ணூற்றோராம் வயதில் அவர் மறைந்தார். விடுதலைக்கு இன்னும் மூன்றாண்டுகள் இருந்தன.

செவ்வாய்ப்பேட்டையில் இன்று நடந்து செல்வோர் பழைய அமைப்பைத் தேடித்தான் காண வேண்டும். லீ பஜாரில் தானிய மூட்டைகள் இறங்குகின்றன. வெள்ளிக் கொலுசு செய்யும் பட்டறைகளின் சிறு சுத்தியல் ஒலி சந்துகளில் கேட்கிறது. பல வீடுகளில் திண்ணையை இடித்து இரும்புக் கதவிட்ட கடையாக மாற்றிவிட்டனர். முற்றத்தின்மேல் தளம் போட்டுவிட்டனர். சில வீடுகளில் மட்டும் மரத்தூண்களும் பலகைக் கடையும் எஞ்சியுள்ளன. கட்டடக் கலை மாணவர் எவரேனும் அவற்றை அளந்து வரைந்து வைத்தால் நன்று. இன்னும் சில ஆண்டுகள் கழிந்தால் அளப்பதற்கு ஒன்றும் இராது.

விஜயராகவாச்சாரியாரின் எழுத்துகளும் மடல்களும் திரட்டப்பட்டு, சேலம் அண்ணா பூங்காவில் அவர் பெயரால் அமைந்த நினைவு நூலகத்தில் வைக்கப்பட்டன. நம் மாணவர்கள் சேலத்திற்குச் செல்லும்போது, திருமணிமுத்தாற்றங்கரையில் உள்ள பழைய ஜாமிஆ பள்ளிவாசலில் தொழுதுவிட்டு அந்நூலகத்திற்கும் சென்று வரலாம். இரண்டும் ஒரே ஊரில்தான் உள்ளன.